டிரா இல்லாத ஆட்டம்

என்னிடம் ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. 2023 மார்ச் 30-ஆம் தேதி தொடங்கி ஆகஸ்ட் நடுவில் நின்றுபோகும். மொத்தம் 318 வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் நான் பணம் கட்டியதன் பதிவு. தேதி, இரண்டு அணிகள், யார் பிட்சர், என்ன விலை, எவ்வளவு கட்டினேன், என்ன ஆனது. ஜெயித்தால் பச்சை, தோற்றால் சிவப்பு. 171 பச்சை, 147 சிவப்பு. தோற்றதைவிட ஜெயித்தது அதிகம். இருந்தும் 6,400 அமெரிக்க டாலர் கையைவிட்டுப் போயிருந்தது. அன்றைய மதிப்பில் முப்பதாயிரம் ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

அதிகம் ஜெயித்தவன் எப்படி நட்டப்பட முடியும் என்று கேட்டால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறகு சொல்கிறேன். அந்தக் கணக்கு எனக்கு முதல் நாளே தெரியும் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. நான் படித்தது புள்ளியியல். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஆபத்துகளுக்கு விலை போடுவது என் வேலை. 2022-இல் ஜெர்சி சிட்டிக்குப் போனதும் அந்த வேலைக்காகத்தான்.

அப்பாவுக்குப் புள்ளியியல் தெரியாது. ஈப்போவில் லோரி ஓட்டினார். என் சின்ன வயதில் டர்ஃப் கிளப்புக்குப் போய்க் குதிரையில் கட்டினார். பிறகு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பூக்கியிடம் பந்தில் கட்டினார். பந்து என்றால் காற்பந்து. சனிக்கிழமை இரவு பத்து, பதினொரு மணிக்கு இங்கிலாந்து ஆட்டம் தொடங்கும். அப்பா ஒட்டுக்கடையில் டிவிக்கு நேரெதிரே உட்கார்ந்திருப்பார். ஜெயித்த இரவுகளில் எனக்கு மீ கோரேங் பொட்டலம் வரும். தோற்ற இரவுகளில் வீட்டுக்கு வெளியே லோரியிலேயே தூங்கிவிடுவார். அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் எத்தனை முறை போய் வந்தது என்பதற்கு எந்தக் கோப்பும் இல்லை.

ஆகவே, நான் சூதாடாதவனாகத்தான் வளர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் கூட்டாளிகள் உலகக் கிண்ணத்துக்கு ஐந்து, பத்து ரிங்கிட் கட்டும்போதுகூட நான் எழுந்து போய்விடுவேன். நாலு நம்பர் எடுத்ததில்லை. அப்பாவின் மகன் இல்லை என்று நிரூபிப்பதைப்போல அதைச் செய்தேன்.

பேஸ்பால் அந்த வேலியைத் தாண்டி வந்ததற்குக் காரணம், அது எனக்குச் சூதாகவே தெரியவில்லை.

*

அமெரிக்காவில் விளையாட்டுப் பந்தயம் நீண்ட காலம் நெவாடாவைத் தவிரப் பெரும்பாலான மாநிலங்களில் தடுக்கப்பட்டிருந்தது. 1992-இல் வந்த கூட்டரசுச் சட்டம் அந்தத் தடையை இறுக்கி வைத்தது. அதை எதிர்த்து வழக்காடியது நியூ ஜெர்சி மாநிலம்தான். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அடுத்த மாதமே நியூ ஜெர்சியில் பந்தயம் தொடங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அது ரயிலில் எனக்குப் பக்கத்தில் நிற்பவரின் கைப்பேசியில் இருந்தது. ஆட்ட ஒளிபரப்பின் ஓரத்தில் விலை ஓடியது. விளம்பரத்தின் முடிவில் உதவி எண்ணை ஒருவர் மூச்சுவிடாமல் படித்து முடிப்பார்.

பேஸ்பாலைப் பற்றி எனக்கு அதற்குமுன் தெரிந்ததெல்லாம் 'மணிபால்' படம்தான். கோலாலம்பூரில் படித்தபோது பார்த்தது. காசில்லாத ஓக்லண்ட் அணி எண்களை வைத்துப் பணக்கார அணிகளோடு மோதும் கதை. 2002-இல் அந்த அணி தொடர்ச்சியாக 20 ஆட்டங்களை ஜெயித்தது உண்மையாகவே நடந்தது. புள்ளியியல் படிக்கும் பையனுக்கு அதைவிட வேறு சாமி படம் வேண்டுமா?

ஜெர்சி சிட்டியில் உட்கார்ந்து பேஸ்பாலைப் பார்க்கத் தொடங்கியபோது அந்த விளையாட்டின் எண்கள் என்னைக் கிறங்கடித்தன. காற்பந்தில் 22 பேர் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். யார் எதற்குக் காரணம் என்று பிரித்தெடுக்க முடியாது. பேஸ்பாலில் ஒருவர் எறிகிறார், ஒருவர் அடிக்கிறார். ஒவ்வோர் எறிதலும் தனிச் சம்பவம். வேகம், சுழற்சி, பந்து மட்டையைவிட்டுப் புறப்பட்ட கோணம் எல்லாமே பதிவாகி இலவசமாக இணையத்தில் கிடக்கும். 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். மொத்தம் 2,430 ஆட்டங்கள். இங்கிலாந்துக் காற்பந்து அணிக்கு லீக்கில் 38 ஆட்டம். அமெரிக்கக் காற்பந்து அணிக்கு 17 ஆட்டம்தான். மாதிரி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அதிர்ஷ்டம் கரைந்து திறமை வெளியே வரும். இது முதலாம் ஆண்டுப் பாடம். அப்பா கட்டியது குதிரையின் பெயரைப் பார்த்து. நான் கட்டப்போவது எண்ணைப் பார்த்து. அதற்குச் சூது என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் 20 டாலர் கட்டினேன். ஜெயித்தேன்.

*

பேஸ்பாலில் கட்டுவது காற்பந்தில் கட்டுவதைப் போன்றதல்ல. நம் ஊரில் பந்து கட்டியவர்களுக்கு இது புரியும். பெரிய அணியும் சின்ன அணியும் மோதினால் பூக்கி பெரிய அணியை அரைப் பந்து, ஒரு பந்து, ஒன்றரைப் பந்து கொடுக்கச் சொல்வார். ஒரு பந்து கொடுத்து ஒரே ஒரு கோலில் ஜெயித்தால் கட்டிய காசு அப்படியே திரும்பும். சமமாகக் கட்டி ஆட்டம் டிரா ஆனாலும் திரும்பும். அப்பா அதைச் 'சாமி காப்பாத்துச்சி' என்பார்.

பேஸ்பாலில் பெரும்பாலும் அப்படி ரன் கொடுத்து வாங்குவதில்லை. யார் ஜெயிப்பார் என்பதுதான் கேள்வி. அதற்கு விலை. வலுவான அணிக்கு 140 என்று போட்டிருந்தால் 140 டாலர் கட்டினால்தான் 100 கிடைக்கும். அந்த விலையில் கட்டுபவர் நட்டமில்லாமல் வெளியே வர நூற்றுக்கு 58 தடவைக்குமேல் ஜெயிக்க வேண்டும். நான் பெரும்பாலும் வலுவான அணிகளில்தான் கட்டினேன். நூற்றுக்கு 54 தடவை ஜெயித்தேன். பச்சை அதிகமாக இருந்தும் பணம் போனதற்குக் கணக்கு அவ்வளவுதான். 54-க்கும் 58-க்கும் நடுவில் உள்ள நாலு எண்ணில் எங்கள் வீட்டுக் கூரை போனது.

ஒன்றரை ரன் கொடுக்கும் பந்தயமும் உண்டு. ஆனால் பேஸ்பாலில் ஒரே ரன்னில் முடியும் ஆட்டங்கள் ஏராளம். வலுவான அணி ஒன்பது இன்னிங்ஸும் முன்னால் இருந்து 4–3 என்று ஜெயிக்கும். அணி ஜெயித்திருக்கும், நாம் தோற்றிருப்போம். டிராவும் கிடையாது. சமமாக இருந்தால் பத்தாவது இன்னிங்ஸ், பதினொன்றாவது இன்னிங்ஸ் என்று யாராவது ஒருவர் தோற்கும்வரை இழுத்துக்கொண்டே போவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், வலுவான அணி என்ற சொல்லுக்கே அங்கே பொருள் வேறு. மான்செஸ்டர் சிட்டி 100 புள்ளி எடுத்த 2017–18 பருவத்தில் தோற்றது 2 ஆட்டம்தான். கூடைப்பந்தில் கோல்டன் ஸ்டேட் 2015–16-இல் 82 ஆட்டத்தில் 73 ஜெயித்தது. பேஸ்பாலில் 2001-இல் சியாட்டல் 116 ஆட்டங்களை ஜெயித்தது. அதற்குமேல் எந்த அணியும் ஒரு பருவத்தில் ஜெயித்ததில்லை. அந்தச் சியாட்டல்கூட 46 ஆட்டங்களில் தோற்றது. மறுபக்கம், 2024-இல் 121 ஆட்டங்களில் தோற்று நவீன காலத்தின் மிக மோசமான அணி என்று பெயரெடுத்த சிக்காகோ வைட் சாக்ஸும் 41 ஆட்டங்களை ஜெயித்தது. ஆகச் சிறந்த அணிக்கும் ஆக மோசமான அணிக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஆறு மாதத்தில் தெரிய வரும். ஒரே இரவில் தெரியாது. பந்தயம் கேட்பதோ இன்றிரவு என்ன என்பதை மட்டும்தான்.

மாதிரி பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டம் கரையும் என்ற பாடம் சரி. ஆனால் பூக்கிக்குக் கிடைக்கும் மாதிரியும் அதே அளவு பெரிது என்பதை நான் யோசிக்கவில்லை. என்னிடம் இருந்த எண்கள் எல்லாமே பூக்கியிடமும் இருந்தன. மணிபால் புத்தகமாக வந்தது 2003-இல். இருபது ஆண்டுகள் கழித்து அதைப் படித்துவிட்டு வந்தவன் நான் மட்டும் என்று நம்பியது இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

*

மே 4, 2023. அந்தத் தேதியில் கோப்பின் முதல் பெரிய சிவப்பு இருக்கிறது.

அந்த ஆண்டு நியூ யார்க் மெட்ஸ் அணி, பேஸ்பால் வரலாற்றில் எந்த அணியும் சம்பளத்துக்குச் செலவழிக்காத தொகையைச் செலவழித்தது. மேக்ஸ் ஷெர்சர், ஜஸ்டின் வெர்லாண்டர் என்ற இரண்டு மூத்த பிட்சர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு 43 மில்லியன் டாலருக்குமேல். வெர்லாண்டர் முந்தைய ஆண்டு அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சர் விருதை வாங்கியவர். தோள் பக்கத்தில் தசைப்பிடிப்பு என்று முதல் மாதம் முழுக்க ஆடவில்லை. மே 4-ஆம் தேதிதான் மெட்ஸுக்கு முதல் ஆட்டம், டெட்ராயிட்டில். டெட்ராயிட் முந்தைய ஆண்டு 96 ஆட்டங்களில் தோற்ற அணி.

பேஸ்பாலில் விலையைப் பாதி தீர்மானிப்பது அன்றைக்கு எறியும் பிட்சர்தான். காற்பந்தில் ஒரே ஓர் ஆட்டக்காரருக்காக விலை இப்படிப் புரளாது. ஒரு பிட்சர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் எறிவார். ஆகவே, ஒவ்வோர் இரவும் வேறோர் அணியைப் பற்றித்தான் பந்தயம் கட்டுகிறோம். அந்தப் பிட்சரும் ஐந்தாறு இன்னிங்ஸில் இறங்கிப் போய்விடுவார். மிச்ச ஆட்டம் நாம் கணக்குப் போடாத ஆட்களின் கையில்.

நான் வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியைத் திறந்து 300 டாலர் கட்டினேன். அதுவரை நான் கட்டியதிலேயே அதிகம். முதல் இன்னிங்ஸில் வெர்லாண்டர் இரண்டு ஹோம் ரன் கொடுத்தார், அடுத்தடுத்து. அதற்குப் பிறகு ஐந்து இன்னிங்ஸ் முடியும்வரை ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. டெட்ராயிட்டின் பிட்சர் அதைவிட நன்றாக எறிந்தார். 2–0. என் கணிப்பில் எந்தப் பிழையும் இல்லை. வெர்லாண்டர் நன்றாகத்தான் எறிந்தார். இரண்டு பந்துகள் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தன, அவ்வளவுதான்.

2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். பிட்சரின் கையில் இருப்பது அடிப்பவரை ஸ்ட்ரைக் அவுட் எடுப்பது, இலவசமாக நடக்க விடுவது, ஹோம் ரன் கொடுப்பது ஆகியவைதான். மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட்டாகுமா, யார் கையிலாவது சிக்குமா என்பதில் பிட்சருக்கும் பிட்சருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றார். முதலில் படித்தபோது அது எனக்கு ஆயுதமாகத் தெரிந்தது. மற்றவர்கள் அதிர்ஷ்டத்தைத் திறமை என்று நினைக்கும்போது நான் பிரித்துப் பார்ப்பேன் என்று நினைத்தேன். உண்மையில் அந்தக் கட்டுரை சொன்னது, இந்த விளையாட்டில் அதிர்ஷ்டம் எவ்வளவு என்பதை. அதைப் படித்தவன் கட்டுவதை நிறுத்தியிருக்க வேண்டும். அன்றிரவு நான் இரண்டு ஆட்டங்களில் கட்டினேன்.

*

ஜூன் 7 அன்று ஜெர்சி சிட்டியில் வானம் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. கனடாவில் காடுகள் எரிந்த புகை. நம் ஊர்க்காரர்களுக்குப் புகைமூட்டம் புதிதில்லை. சுமத்ராவிலிருந்து வரும் புகையில் பள்ளிக்கு விடுமுறை விட்டதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அலுவலகத்தில் எல்லாரும் சன்னலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்துமா உள்ள சக ஊழியர் ஒருவர் இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். அன்றைய யாங்கீஸ் ஆட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்கள். நான் அதில் 200 டாலர் கட்டியிருந்தேன். பணம் திரும்பி வந்தது.

எனக்கு வந்தது கோபம். மூன்று மணி நேரம் எண்களைத் தோண்டித் தேடிய ஆட்டம் அது. புகையில் மூச்சுவிட முடியாமல் ஊரே உள்ளே அடைந்து கிடக்கும்போது நான் திரும்பி வந்த 200 டாலரை மேற்குக் கரையில் நடக்கும் இன்னோர் ஆட்டத்தில் கட்டத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த அணிகளின் பிட்சர்கள் யார் என்றுகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

பேஸ்பாலில் எப்போதும் இன்னோர் ஆட்டம் இருக்கும். இதுதான் மற்ற விளையாட்டுகளுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடுகளில் நான் கடைசியாகப் புரிந்துகொண்டது. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம், ஒரே இரவில் பதினைந்து ஆட்டங்கள்வரை. நியூ யார்க்கில் முடியும்போது கலிபோர்னியாவில் தொடங்கும்.

ஜூன் 13 இரவு அப்படித்தான் ஓக்லண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மணிபால் ஓக்லண்ட்தான். ஆனால் அணியை லாஸ் வேகசுக்குக் கொண்டுபோக உரிமையாளர் முடிவெடுத்திருந்தார். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரையும் ஏற்கெனவே விற்றாகிவிட்டது. ஒருகட்டத்தில் 12 வெற்றி, 50 தோல்வி. அந்த அணி திடீரென்று தொடர்ச்சியாக ஆறு ஆட்டங்களை ஜெயித்திருந்தது. அன்று எதிரே தாம்பா பே. அப்போது எல்லா அணிகளிலும் முன்னணியில் இருந்த அணி. ஏழாவது ஆட்டத்தையும் ஓக்லண்ட் ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று 500 டாலர் கட்டினேன். ஜெயித்தால் கிடைப்பது அதில் பாதிதான்.

அன்றிரவு ஓக்லண்ட் ரசிகர்கள் ஒரு போராட்டம் வைத்திருந்தார்கள். வழக்கமாக ஆளில்லாமல் கிடக்கும் அரங்கத்தை நிரப்பிக் காட்டுவது. இங்கே ரசிகர்கள் இருக்கிறார்கள், அணியை விற்றுவிட்டுப் போ என்று உரிமையாளருக்குச் சொல்வது. 27,759 பேர் வந்திருந்தார்கள். பச்சைச் சட்டையில் 'விற்றுவிடு' என்ற ஒரே சொல். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது மொத்தக் கூட்டமும் எழுந்து அமைதியாக நின்றது. பிறகு கத்தியது. ஓக்லண்ட் 2–1 என்று ஜெயித்தது. எங்கள் பக்கம் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது.

எந்த விளையாட்டிலும் நான் பார்த்த மிக அழகான இரவு அதுதான். பார்த்தேன் என்று சொல்வதுகூடப் பொய். அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவர் அழுதுகொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்து அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள்தான் ஆட்டத்தின் காணொளியைச் சத்தத்தோடு பார்த்தேன். எனக்கு அந்த விளையாட்டு பிடித்துத்தான் உள்ளே போனேன். அது என்னிடம் இருந்து எப்போது போனது என்று தெரியவில்லை. 6,400 டாலரில் அது சேராது.

*

ஆகஸ்டில் அப்பாவுக்கு 8,000 ரிங்கிட் அனுப்ப வேண்டும். ஈப்போ வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஆள் பேசி, தேதியும் குறித்தாகிவிட்டது. என் கணக்கில் அவ்வளவு இல்லை. மெட்ஸ் அணி ஷெர்சரையும் வெர்லாண்டரையும் ஆகஸ்ட் முதல் தேதிக்குள் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டிருந்தது. 75–87 என்று முடியப்போகிற பருவம். நானும் அதே நிலையில்தான் இருந்தேன்.

எங்களுக்கு இரவு எட்டு மணி என்றால் ஈப்போவில் காலை எட்டு. அப்பா பசியாறிக்கொண்டிருந்தார். மடிக்கணினியில் ஆட்டம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, இந்த மாசம் பாதிதான் அனுப்ப முடியும். சம்பளம் கொஞ்சம் லேட்டாயிடுச்சி."

அப்பா ஒன்றும் பேசவில்லை. அலைபேசி அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"என்னா வெளையாட்டு?" என்றார்.

"என்னாப்பா?"

"தவுக்கே சம்பளம் லேட்டுன்னு உங்கம்மாகிட்ட எத்தன வருசம் சொல்லியிருக்கேன். எனக்கே சொல்றியா? குதிரையா, பந்தா?"

நான் பேஸ்பால் என்றேன். அப்பாவுக்கு அது என்னவென்று தெரியாது. மட்டையும் பந்தும் வைத்து ஆடுவது, கிரிக்கெட் மாதிரி என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது கட்டுகிறவன் கேட்கும் கேள்விகளை.

"டிரா உண்டா?"

"இல்லப்பா."

"வாரத்துக்கு எத்தன ஆட்டம்?"

"தினமும் இருக்கு. ஒரு நாளைக்குப் பதினஞ்சு."

"பூக்கி ஆரு?"

"ஆள் இல்லப்பா. போன்லயே."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "எனக்கு சனிக்கெழம ஆட்டம். தோத்தா ஞாயிறு, திங்க, செவ்வான்னு உங்கம்மா மொகத்த பாத்துக்கிட்டே இருக்கணும். வேற ஆட்டம் இல்ல. அந்த மூணு நாளு வலிச்சதுலதான் கடைசியா வுட்டேன். ஒனக்கு அதுவும் இல்லியேய்யா."

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். "நான் ஒளிச்சி வச்சது போதும். நீயே சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் சொன்னேன். அம்மா எந்த விளையாட்டு என்றுகூடக் கேட்கவில்லை. "எவ்ளோ?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "கூர அடுத்த வருசம் பாத்துக்கலாம், நீ சாப்ட்டியா?" என்றார். அதைக் கேட்டுத் தாங்க முடியாமல் அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நியூ ஜெர்சியில் தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் பட்டியல் ஒன்றை அரசாங்கம் வைத்திருக்கிறது. பெயரைக் கொடுத்தால் எந்தப் பந்தய நிறுவனமும் நம்மை உள்ளே விடக்கூடாது. ஓராண்டு, ஐந்தாண்டு என்று தேர்ந்தெடுக்கலாம். ஐந்தைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் படிவத்தை நிரப்பப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கோப்பின் 318-ஆவது வரி அன்றைக்கு முந்தின நாளுடையது. பச்சை.

*

2024 தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பினேன். அந்த ஆண்டு பேஸ்பாலைச் சுற்றிப் பந்தயச் செய்திகளாகவே வந்தன. ஷோஹெய் ஓடானியின் மொழிபெயர்ப்பாளர் இப்பே மிசுஹாரா, ஓடானியின் கணக்கிலிருந்து 17 மில்லியன் டாலருக்குச் சற்றுக் குறைவாகத் திருடிப் பந்தயத்தில் விட்டது வெளியே வந்தது. இரண்டு ஆண்டுகளில் சுமார் 19,000 பந்தயம். அதாவது, ஒரு நாளைக்கு இருபத்தைந்து. பல விளையாட்டுகளில் கட்டியிருக்கிறார், பேஸ்பாலில் கட்டியதற்கு மட்டும் ஆதாரமில்லை என்று விசாரணை ஆவணம் சொன்னது. பேஸ்பால் பிழைப்பில் இருப்பவர்களுக்கு அது தடை, அதனால் இருக்கலாம். ஜூன் மாதம் டுகுபிடா மார்கானோ என்ற ஆட்டக்காரருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். அவர் பேஸ்பாலில் கட்டியிருந்தார், தன் சொந்த அணியின் ஆட்டங்களிலும் சேர்த்து. மேஜர் லீக் ஆட்டங்களில் கட்டியவற்றில் அவர் ஜெயித்தது நூற்றுக்கு 4.3 மட்டுமே என்று லீக் அறிவித்தது. அணியின் ஓய்வறைக்குள் உட்கார்ந்திருந்தவர் அவர். நான் 54 என்று எண்ணியபோது ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. உடனே அந்தப் பெருமை அசிங்கமாக இருந்தது.

இப்போது நம் ஊரிலும் பூக்கியைத் தேடிக் கோப்பிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. என்னைவிட இளைய பையன்கள் கைப்பேசியில் எல்லாவற்றிலும் கட்டுகிறார்கள், நடுராத்திரியில் எங்கோ நடக்கும் டேபிள் டென்னிஸ் உட்பட. 'அண்ணே, நாங்க சும்மா கட்டல, அனலைஸ் பண்ணித்தான் கட்டுறோம்' என்று ஒருவன் சொன்னான். நான் என்ன பதில் சொல்வது? என்னிடம் எக்செல் கோப்பு இருக்கிறது என்று சொன்னேன். காட்டச் சொன்னான். காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, 'நீங்க அண்டர்டாக்ல கட்டியிருக்கணும்ணே' என்றான்.

ஓக்லண்டில் கடைசி ஆட்டம் 2024 செப்டம்பர் 26 அன்று நடந்தது. நமக்கு 27-ஆம் தேதி விடியற்காலை மூன்றரை மணிக்குமேல். அந்த அரங்கத்தில் அந்த அணி இனி ஆடாது. நான் எழுந்து வரவேற்பறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பார்த்தேன். இந்த முறை சத்தத்தோடு. ஐந்தரை மணிபோல அப்பா எழுந்து வந்தார். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்வதற்குமுன் குசினிக்குள் போய் இரண்டு கோப்பி கலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதானா அது?"

"ஆமாப்பா."

யார் எந்தப் பக்கம், எத்தனை இன்னிங்ஸ் மிச்சம் என்று கேட்டார். சொன்னேன். ஓக்லண்ட் 3–2 என்று முன்னால் இருந்தது. பத்து நிமிடத்தில் அப்பா முன்னால் நகர்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டார். ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பாரே, அதே மாதிரி. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள் ஒரு விலை ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்காமலேயே அது ஓடுகிறது. எப்போது நிற்கும் என்று தெரியவில்லை.

கடைசி ஆள் அவுட்டானதும் அப்பா பின்னால் சாய்ந்தார். ஜெயித்த அணியின் ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடுவதுபோல நின்றார்கள். கூட்டத்தில் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

"ஜெயிச்சிட்டு ஏன் அழுவுறானுங்க?" என்று கேட்டார் அப்பா.

கோப்பி ஆறிப்போயிருந்தது. ஓக்லண்டின் கதையை முதலிலிருந்து அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.